தோல் ஜாக்கெட்டும் கவலை வாலும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. புல்லட்டில் வந்து இறங்கினான். மணி பதினொன்று, வெளியே மண்டை பிளக்கும் வெயில். பையன் மேலே கறுப்புத் தோல் ஜாக்கெட்.

"ஏனுங்க சார், நீங்களே கேளுங்க. இதுக்குப் பதினாலாயிரம் குடுத்திருக்கானுங்க. பழைய காலத்து ஜாக்கெட்டாமா. இதைப் போட்டுட்டு ஊட்டிக்கு வண்டியில போறேங்கறான்" என்றார் அப்பா.

"விண்டேஜ் சார். 1950 மாடல். ஆக்ஸிடென்ட் ஆனாக்கூட ஒண்ணும் ஆகாது" என்றான் பையன்.

"கழட்டிக் குடு கண்ணு, பாக்கலாம்" என்று வாங்கி உள்பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கண்ணு, இது 1950 மாடல் மாதிரி தைச்ச இந்தக் காலத்து ஜாக்கெட். வண்டிக்கு ஆகாது" என்றேன். பையனுக்கு முகம் சுண்டிப்போனது. அப்பாவுக்கு ஆச்சரியம். "உங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க சார் தெரியும்?"

நியாயமான கேள்வி. முப்பத்து நான்கு வருஷம் சாக்பீஸ் பிடித்த கை இது. ஜாக்கெட் என்றால் எங்கள் வீட்டில் சேலைக்குப் போடுகிற ஜாக்கெட் ஒன்றுதான் தெரியும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் சொல்லிக் கொடுத்த பாடம்.

மோட்டார் சைக்கிள் நம் ஊருக்குப் புதிதல்ல. கலங்கல் கிராமத்துப் பையனாக இருந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே போன்ற வண்டியை வாங்கினார் என்ற கதையை உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முந்திய கதை அது. நம் ஊரில் வண்டி ஓட்டியவர்களுக்குக் காக்கிச் சட்டையே போதுமானதாக இருந்தது. தோல் உடுப்பு தேவைப்பட்டது குளிர் தேசத்துக்காரர்களுக்கு. மணிக்கு ஐம்பது அறுபது மைல் வேகத்தில் போகும்போது நெஞ்சில் அடிக்கும் காற்று எலும்பு வரை போகும். கீழே விழுந்தால் ரோடு தோலை உரித்துவிடும். நம் தோல் உரியாமல் இருக்க மாட்டின் தோல்.

1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் ஒரு ஜாக்கெட் செய்தார். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கும் வைத்தார்: பெர்ஃபெக்டோ. ஹார்லி டேவிட்சன் வண்டி விற்ற கடையில் ஐந்தரை டாலருக்கு விற்றது. 1953இல் 'தி ஒயில்ட் ஒன்' என்ற படத்தில் மார்லன் பிராண்டோ இந்த வகை ஜாக்கெட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்த பிறகு உலகமே அதைப் பார்த்தது. சினிமாக்காரர்கள் போட்டதால் நாம் அதை அலங்காரம் என்று நினைக்கிறோம். அந்த ஜாக்கெட்டில் அலங்காரத்துக்கென்று இருப்பது மிகக் கொஞ்சம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஜிப். நடுவில் நேராக இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். ஏன் கோணல்? வண்டியின் டேங்க் மேல் குனிந்து உட்காரும்போது நேர் ஜிப் மடங்கி வயிற்றிலும் தொண்டையிலும் குத்தும். ஓரமாகப் போனால் குத்தாது. அதோடு, ஒரு பக்கத் தோல் மறு பக்கத்தின் மேல் ஏறி மூடுவதால் நெஞ்சுக்கு இரட்டைத் தோல் கிடைக்கிறது. காற்று எங்கே அதிகம் அடிக்கிறதோ அங்கே இரட்டைத் தோல்.

அடுத்து காலர். அகலமான மடிப்பு, அதன் முனையில் பிரஸ் பட்டன். வேகத்தில் காலர் படபடவென்று முகத்தில் அடிக்காமல் இருக்க அந்தப் பட்டன். குளிர் அதிகமானால் மடிப்பைத் தூக்கிக் கழுத்து வரை மூடிக்கொள்ளலாம்.

முன்பக்கம் இடது கீழ்ப் பகுதியில் ஆங்கில எழுத்து டி மாதிரி ஒரு பை. பக்கத்தில் மூடி வைத்த சின்னச் சில்லறைப் பை. கையுறையைக் கழற்றாமலே ஜிப்பை இழுக்கத் தோதான இடத்தில் இருக்கும். இடுப்பில் பெல்ட், கீழிருந்து காற்று உள்ளே ஏறாமல் இருக்க. மணிக்கட்டில் ஜிப், கையுறையோடு சேர்த்து இறுக்க. தோளில் பட்டை, இது பட்டாளத்திலிருந்து வந்தது.

முன்பக்கம் பார்த்து ஏமாறலாம், முதுகைப் பார்த்து ஏமாறக் கூடாது. நன்றாக யோசித்துத் தைத்த ஜாக்கெட்டின் முதுகில், இரண்டு தோளுக்கும் பின்னால் மடிப்பு விட்டிருப்பார்கள். கையை முன்னால் நீட்டி ஹேண்டில்பார் பிடிக்கும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். கக்கத்தில் தனியாக ஒரு துண்டுத் தோல் வைத்துத் தைத்திருப்பார்கள், கை தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறாமல் இருக்க. கை நீளம் சாதாரணக் கோட்டைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். உடம்பின் நீளமோ இடுப்போடு முடியும். நிற்கும்போது கை நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் தெரியும். ஏனென்றால் அது நிற்பவனுக்குத் தைத்ததல்ல, உட்கார்ந்து ஓட்டுபவனுக்குத் தைத்தது.

இது அமெரிக்க வகை. இங்கிலாந்துக்காரர்கள் இதையே தங்கள் பாணியில் தைத்தார்கள். லண்டனில் 1892இல் தொடங்கிய டி.லூயிஸ் கம்பெனி, இன்று லூயிஸ் லெதர்ஸ், 1956இல் 'பிராங்க்ஸ்' என்ற மாடலைக் கொண்டுவந்தது. பெயரே நியூயார்க்கின் ஒரு பகுதியின் பெயர். எதைப் பார்த்துத் தைத்தார்கள் என்பதை மறைக்கவில்லை. பிறகு 'லைட்னிங்' வந்தது. இங்கிலாந்து வெட்டு உடம்போடு ஒட்டி வரும். உள்ளே சிவப்பு நிறத்தில் கட்டம் கட்டமாகத் தைத்த லைனிங் அவர்கள் அடையாளம். பல மாடல்களில் பெரிய டி பைக்குப் பதிலாகச் சாய்வான ஜிப் பைகள் இருக்கும்.

மூன்றாவது வகை, 'கஃபே ரேசர்' என்று சொல்வது. டீக்கடைக்கு டீக்கடை பந்தயம் விட்ட பிள்ளைகளின் உடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரைத் தாழ்வாக மாற்றிக்கொண்டு, வயிறு டேங்கில் படும்படி படுத்து ஓட்டுவார்கள். அந்த வேகத்தில் அகலக் காலரும் பெல்ட் பக்கிளும் தொந்தரவு. அதனால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நடுவில் நேர் ஜிப், கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை மட்டும், அதில் ஒரு பிரஸ் பட்டன். நம் ஊர் ஜிப்பா காலர் மாதிரி இருக்கும். தோள் பட்டை கிடையாது. எதுவும் தொங்காது.

நான்காவது, பலரும் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் என்று நினைக்கும் ஒன்று. அது விமானிகளுடையது. அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931இல் ஏற்றுக்கொண்ட ஏ-2. சட்டைக் காலர், முன்பக்கம் மூடி வைத்த இரண்டு பெரிய பை, மணிக்கட்டிலும் இடுப்பிலும் ஸ்வெட்டர் மாதிரி பின்னிய பட்டை. அந்தப் பின்னல் பட்டை தெரிந்தால் அது வானத்துக்காரருடையது என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். விமானி கண்ணாடி மூடிய அறைக்குள் உட்கார்ந்தாலும் சரி, திறந்த விமானத்தில் உட்கார்ந்தாலும் சரி, தார் ரோட்டில் உராய்வது அவருக்கு நேரும் ஆபத்தல்ல. அதனால் அந்த ஜாக்கெட் வேறு கணக்கில் தைத்தது.

இனி, நிஜமாகப் பழையதா, பழசு மாதிரி செய்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பழைய அமெரிக்க ஜாக்கெட்டுகள் பலவும் குதிரைத் தோலில் செய்தவை. குதிரை வண்டி ஒழிந்த பிறகு குதிரைத் தோல் வரத்து குறைந்து, மாட்டுத் தோல் அந்த இடத்துக்கு வந்தது. பழைய கறுப்பு ஜாக்கெட் சிலவற்றில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே பழுப்பாக இருக்கும் தோலின் மேல் கறுப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் உடுத்தும்போது முழங்கை, மணிக்கட்டு, பை வாய், ஜிப் ஓரம் ஆகிய இடங்களில் கறுப்பு தேய்ந்து டீ நிறம் எட்டிப் பார்க்கும். இதை 'டீ கோர்' என்றே சொல்கிறார்கள். ஒருவன் உடுத்தித் தேய்ந்தது அவன் உடம்பு வளையும் இடத்தில் மட்டும் தேயும். யந்திரத்தில் தேய்த்தது நெஞ்சு, முதுகு, கை எல்லாவற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். உழைத்தவன் கையில் காய்ப்பு எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியும் அல்லவா, அதே கணக்கு.

ஜிப்பைப் பாருங்கள். உலோகப் பல்லா, பிளாஸ்டிக் பல்லா? பழைய அமெரிக்க ஜாக்கெட்டில் டேலன் என்ற பெயர் அடிக்கடி வரும். லேபிளைப் பாருங்கள், லைனிங்கைப் பாருங்கள். ஆனால் லேபிளை யாரும் தைத்து ஒட்டலாம். தோலின் கனம் பொய் சொல்லாது. வண்டிக்கு உடுத்துகிற ஜாக்கெட்டின் தோல் சுமார் 1.2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். உங்கள் ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். ஒரு கார்டு கனம்தான் இருக்கிறது என்றால் அது கடைவீதிக்குப் போட்டுக்கொள்ளும் ஜாக்கெட். ஒன்றரை கார்டுக்கு மேல் இருந்தால் ரோட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கலாம். அதிலும் செம்மறி ஆட்டுத் தோல் மெத்தென்று, உடுத்த சுகமாக இருக்கும். ஆனால் அதன் மேல் அடுக்கும் உள் அடுக்கும் ஒன்றோடொன்று கெட்டியாகப் பிடிக்காது. ரோட்டில் உரசினால் காகிதம் மாதிரி கிழியும்.

இப்போது பையனின் ஜாக்கெட்டுக்கு வாருங்கள். கோண ஜிப் இருந்தது. அகலக் காலர் இருந்தது. டி பை இருந்தது, ஆனால் அதன் வாய் தைத்து மூடியிருந்தது, விரல் நுழையாது. பெல்ட் இருந்தது, முதுகில் இல்லை. முன்பக்கம் இரண்டு முனை மட்டும் தைத்து வைத்திருந்தார்கள். முதுகு ஒரே பலகை, மடிப்பு இல்லை. கக்கத்துத் துண்டு இல்லை. தேய்மானம் முழங்கையிலும் ஒரே அளவு, முதுகிலும் ஒரே அளவு. செம்மறித் தோல், கார்டு கனம்கூட இல்லை. வடிவம் அத்தனையும் வந்துவிட்டது, காரணம் ஒன்றும் வரவில்லை. உள்ளே லேபிளில் 'மேட் இன் இந்தியா'.

பையன் அதைப் பார்த்து இன்னும் வாடிவிட்டான். "அப்ப டூப்ளிகேட்டுங்களா சார்?" என்றான். அங்கேதான் அவன் தவறு செய்தான் என்று எனக்குத் தோன்றியது. இந்த ஜாக்கெட் இந்தியாவில் தைத்ததால் மட்டமானது என்று நினைத்தான். உண்மை வேறு.

நம் தமிழ்நாட்டுத் தோல் உலகத்துக்குப் போக ஆரம்பித்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊர் ஊராகத் தோல் பதனிட்டார்கள். அதற்கு வேண்டிய பட்டை ஆவாரம் பட்டை. என் சின்ன வயதில் எங்கள் மேட்டாங்காட்டு ஓரத்தில் ஆவாரம் பட்டை உரிக்க ஆட்கள் வருவார்கள். கட்டுக்கட்டாக ஈரோட்டுக்குப் போகும். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூ என்றுதான் நமக்கு ஆவாரை தெரியும். அதன் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காய்ச் சாறும் எண்ணெயும் கண்டு வந்த தோலுக்கு லண்டன் ஏலத்தில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் பூட்ஸுக்கு அந்தத் தோலை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

ஆனால் ஜாக்கெட்டுக்குப் பெரும்பாலும் வேண்டியது இன்னொரு வகைத் தோல், குரோம் உப்பில் பதனிட்டது. மெல்லியதாக இருந்தாலும் உறுதி, ஈரம் தாங்கும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இந்த முறை நம் மாகாணத்துக்கு எப்படி வந்தது தெரியுமா? 1903 வாக்கில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோம் தோல் பதனிட்டுப் பார்த்தார். பூட்ஸுக்காக மட்டுமல்ல. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைக்காக! ஆவாரம் பட்டைத் தோல் தண்ணீரிலேயே கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகிறது, குரோம் தோல் நீடித்து உழைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். சென்னையில் குரோம்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறதே, அந்தப் பெயரும் அங்கே வந்த குரோம் தோல் ஆலையால் வந்ததுதான்.

நாடு விடுதலையான மறு ஆண்டே, 1948இல், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாறில் தொடங்கியது. அதன் பிறகும் நாம் பெரும்பாலும் பாதி பதனிட்ட தோலை அனுப்பிக்கொண்டிருந்தோம். மெருகேற்றுவதும் வெட்டித் தைப்பதும் வெளிநாட்டில். 1972இல் சீதாராமையா குழு இதை மாற்றச் சொன்னது. அடுத்த ஆண்டே அரசு பாதித் தோல் ஏற்றுமதிக்கு அளவு வைத்தது. அதற்குப் பிறகுதான் செருப்பு, பை, ஜாக்கெட் என்று தைத்து அனுப்பும் தொழிற்சாலைகள் சென்னையைச் சுற்றிப் பெருகின. ஐரோப்பாவின் பெரிய கடைகளில் தொங்கிய ஜாக்கெட்டுகள் பல இங்கே வெட்டித் தைத்தவை. இதற்கு நம் ஆறுகள் கொடுத்த விலையும் உண்டு. பாலாறு கெட்டது, நம் காலிங்கராயன் வாய்க்காலும் தப்பவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைக் கழிவு பற்றிக் கடுமையான தீர்ப்புச் சொன்ன பிறகே பலரும் விழித்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது, எனக்குப் பாடம் சொன்னவர் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷங்களில் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். மாணவர்களை 'அவன்' என்று எழுதுவதுதான் என் வழக்கம், உங்களுக்கும் தெரியும். இவரை இந்தப் பதிவில் 'அவர்' என்றே எழுதப் போகிறேன். காரணம் கீழே வரும். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பத்தாவது முடித்துச் சென்னைக்குப் போனார். ஏற்றுமதி ஜாக்கெட் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் நூல் வெட்டும் பையனாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டர் ஆனார். இருபது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது என்னைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார்.

வெளிநாட்டுக்காரர்கள் மாதிரிக்கு ஒரு பழைய ஜாக்கெட் அனுப்புவார்களாம். அதைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வரைந்து எடுப்பது அவர் வேலை. "சார், துணின்னா தப்பா தைச்சுட்டா பிரிச்சுத் தைக்கலாமுங்க. தோல்ல ஊசி விழுந்தா ஓட்டை விழுந்ததுதான். ஒரே தடவைதானுங்க" என்றார். அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் போதும், நெருக்கித் தைத்தால் தபால் தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும் என்றார். ஒரு முழுத் தோலை மேசையில் விரித்துக் காட்டினார். முதுகுப் பக்கத் தோல் கெட்டி, அதை நெஞ்சுக்கும் முதுகுக்கும் வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும், அதைக் கக்கத்துக்குத் தள்ள வேண்டும். முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த குழி எல்லாம் கண்ணால் பார்த்து ஒதுக்கி, ஒரு சாண்கூட வீணாகாமல் அட்டையை வைக்க வேண்டும். மேலே நான் எழுதிய கோண ஜிப், முதுகு மடிப்பு எல்லாம் அன்று அவர் நின்றுகொண்டே எனக்கு எடுத்த பாடம். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்.

பேச்சுவாக்கில், "இந்த வேலை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "இங்கதானுங்க. ஆனா கை எங்க தாத்தாவோடதுங்க" என்றார்.

அவர் தாத்தாவை எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துக் கவலைக்கு வால் தைத்தவர் அவர்.

இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மோட்டார் வருமுன் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில்தான் இறைத்தோம். மேலே சால், அதன் அடியில் நீளமான தோல் வால், யானைத் தும்பிக்கை மாதிரி. மாடு முன்னே இறங்கிப் போகும்போது வடக்கயிறு சாலைத் தூக்கும், வால்கயிறு வாலின் வாயை மேலே மடக்கிப் பிடிக்கும். மடங்கியிருக்கும் வரை தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் வால் நிமிர்ந்து தானாகத் தொட்டியில் கொட்டும். வால் ஒரு சாண் குட்டையானாலும் பாதி வழியில் தண்ணீர் ஒழுகும், நீளமானாலும் சிக்கும். தண்ணீர் மோதும் இடத்தில் இரட்டைத் தோல். வளையும் இடத்தில் மெல்லிய தோல். ஜாக்கெட்டின் நெஞ்சும் கக்கமும் நினைவுக்கு வருகிறதா? அந்தத் தாத்தா அட்டை வைத்து வரையவில்லை. கிணற்றின் ஆழத்தையும் மாட்டின் உயரத்தையும் கண்ணால் பார்த்து, தோலை முழத்தால் அளந்து, குத்தூசியால் துளை போட்டு, தோல் வாராலேயே தைப்பார்.

அவர் அருந்ததியர். எங்கள் களத்து ஓரத்தில் உட்கார்ந்து தைப்பார். திண்ணை ஏற மாட்டார், ஏற விட மாட்டோம். தண்ணீர் கேட்டால் என் பாட்டி கொட்டாங்குச்சியில் மேலிருந்து ஊற்றுவார். ஏழு வயதுப் பையன் நான் அந்தக் கிழவரை 'வாடா, போடா' என்று கூப்பிட்டேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அவர் என்னை 'சின்னக் கவுண்டரே' என்பார். உறவினர்களில் சிலருக்கு இதைப் படிக்கும்போது சங்கடமாக இருக்கும். எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுதான்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் நம் ஊரிலேயே மின் மோட்டார் செய்தார்கள். மெல்ல மெல்ல ஒவ்வொரு கிணற்றுக்கும் பம்புசெட் வந்தது; எங்கள் கிணற்றுக்கு 1960களின் கடைசியில் வந்தது. கோயமுத்தூரின் பெருமை என்று அதைப் பாடமாக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பெருமைதான். ஆனால் கவலை நின்றபோது வால் தைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை. அந்தத் தாத்தாவின் பேரன் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று தொழிற்சாலை வாசலில் விடைபெறும்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "சார், எங்க தாத்தா தைச்ச வால் ஏதாவது உங்க தோட்டத்துச் சாளையில கிடக்குதுங்களா? ஒருக்கா பிரிச்சுப் பாக்கோணும். அவரு எப்படித் தைச்சாருன்னு பாக்கோணும்."

கிடந்தது. ரொம்ப வருஷம் சாளை விட்டத்தில் தொங்கியது. சாளையைப் பிரித்து ஓடு மாற்றியபோது, காய்ந்து விறைத்துப்போன அதை மற்ற குப்பையோடு போட்டு எரித்தோம். நான்தான் தீ வைத்தேன். அதை அவரிடம் சொன்னேன். "பரவால்லீங்க சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஷாட் என்ற பெயர் உலகத்துக்குத் தெரியும். லூயிஸ் என்ற பெயர் தெரியும். அவர்கள் தைத்த பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க இன்று ஆள் இருக்கிறது, காசு கொடுக்க ஆள் இருக்கிறது. அதே நுணுக்கத்தோடு கண்ணளவில் வெட்டித் தைத்த ஒருவரின் வேலையில் ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் செய்தது நான்.

இனி பையனின் கதையை முடிக்கிறேன். அவன் எதிரிலேயே கட்டிங் மாஸ்டருக்கு வீடியோ காலில் பேசினேன். ஜாக்கெட்டை அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டச் சொன்னார். "தம்பி, தையல் சுத்தம். வெட்டினவனுக்குக் கை இருக்குது. தழும்பை எப்படி ஒதுக்கியிருக்கான் பாருங்க. காலேஜுக்கு, கல்யாணத்துக்குத் தாராளமாப் போடுங்க. ஆனா வண்டிக்கு இது வேண்டாம். இதைத் தைச்சவனே அதுக்காகத் தைக்கலை" என்றார். வண்டிக்கு வேண்டுமென்றால் முழங்கை, தோள், முதுகில் பாதுகாப்பு அட்டை வைத்ததாக, உள்ளே ஐரோப்பியத் தர எண் 17092 அச்சிட்டதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். அது தோலாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லையாம்.

பையன் போனை என்னிடம் கொடுக்கும் முன் அவரிடம், "தேங்க்ஸுங்க சார்" என்றான். கட்டிங் மாஸ்டர் சிரித்துவிட்டார். "உங்க வாத்தியாரை வெச்சுக்கிட்டு என்னை சார்ங்கறீங்களே தம்பி" என்றார். "அவன் சரியாத்தான் சொல்றான்" என்றேன் நான்.

புல்லட் வைத்திருக்கும் பேரப் பிள்ளைகளே, மேலே சொன்ன கணக்கைப் பார்த்து ஜாக்கெட் வாங்குங்கள். முதுகைத் திருப்பிப் பாருங்கள், ஏ.டி.எம். கார்டை வைத்துக் கனம் பாருங்கள். ஹெல்மெட் போடாமல் ஜாக்கெட் மட்டும் போட்டுக்கொண்டு என் வீட்டுப் பக்கம் வராதீர்கள்.

சொந்தபந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துச் சாளையில், அட்டாலியில், பழைய கவலை வால், தோல் வார், மாட்டுக் கழுத்துப் பட்டை ஏதாவது கிடந்தால் எரித்துவிடாதீர்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைத் தைத்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள், 'நம்ம பண்ணையத்து ஆளு' என்று எழுதாதீர்கள். கிடைத்தால் சென்னைக்கு நானே எடுத்துக்கொண்டு போவேன். பிரித்துப் பார்க்க ஒருவர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்